பெருமாளுக்கு விட்ட அடுப்பு

அந்தப் பையைக் கீழ வெக்காதீங்க அம்மிணி. சூலூர் திருப்பத்துல இந்த டிரைவர் ஒரு ஆட்டு ஆட்டுவான், எல்லாம் கொட்டிப் போகும். மடியில வெச்சுக்குங்க. சூடு தாங்கலீன்னா இப்படிக் குடுங்க, நான் வெச்சுக்கறேன். எனக்குச் சேலை தடிமன்.

சிக்கன் ரைஸுங்களா? நான் பிரிச்சுப் பார்க்கல, வாசத்துலயே தெரியுது. கூடவே சில்லி கொஞ்சம் தனியாக் கட்டியிருக்குது. முட்டைக்கோஸைக் கடைசியில போட்டுப் பொரட்டியிருக்கான், அதான் பச்சை வாசம் இன்னும் போகல. இன்னைக்குச் சனிக்கிழமை. நான் ஒண்ணும் சொல்லல. சின்னப் புள்ள நீங்க, வேலைக்குப் போயிட்டு வர்றீங்க, பசிக்கும்.

நான் இந்தக் கடைச் சாப்பாடெல்லாம் சாப்பிடறவ இல்லீங்க. எப்பவாச்சும். அதுவும் சாமி காரியமா இருந்தா மட்டும்.

சிரிக்கறீங்க. சாமி காரியத்துக்கும் சில்லி சிக்கனுக்கும் என்னடா சம்பந்தம்னுதானே? சம்பந்தம்தான் அம்மிணி. சம்பந்தத்துலதான் போய் முடிஞ்சுது. சொல்றேன், கோயமுத்தூர் வரைக்கும் என்ன வேலை நமக்கு.

நான் பல்லடம். பேரு துளசிமணி. எங்கூட்டுக்காரர் டெம்போ ஓட்டிட்டிருந்தாரு, இப்ப முட்டி வலின்னு வீட்டோட இருக்காரு. ஒரே பொண்ணு, மேகலா. அவளுக்கு ஜாதகத்துல செவ்வாய் ஒரு மாதிரி உக்காந்திருக்குது. ஜோசியர் கட்டத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, "நாளாகுமுங்க"ன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு மூடி வெச்சுட்டாரு. பெத்த வயிறு எப்படி இருக்கும்? நேரா காரமடைக்குப் போனேன். பெருமாள் முன்னால நின்னு, "சாமி, எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் எங்க அடுப்புல கறி ஏறாது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நல்லாக் கேட்டுக்குங்க. அடுப்புல ஏறாதுன்னுதான் சொன்னேன். வாயில ஏறாதுன்னு சொல்லல. சாமிகிட்ட வேண்டும்போது வார்த்தை முக்கியம் அம்மிணி. அவருக்கு ஆயிரம் பேரு வேண்டுதல், நாம தெளிவாச் சொல்லிட்டா அவருக்கும் சுலபம்.

எங்கூட்டுக்காரருக்குச் சொன்னேன். மனுசன் எழவுச் சேதி கேட்ட மாதிரி உக்காந்துட்டாரு. முதல் ஞாயித்துக்கிழமை முருங்கைக்காய்ச் சாம்பார் வெச்சேன். ஒரு காயை எடுத்துச் சப்பிப் பார்த்தாரு, எலும்பு மாதிரி இருக்குமோன்னு. இல்ல. தட்டை அக்கட்டால தள்ளி வெச்சுட்டாரு. அடுத்த வாரம் பொழுதோட சட்டையை மாட்டுனாரு. "எங்கீங்க?"ன்னேன். "சும்மா காத்தாட"ன்னாரு. காத்தாடப் போனவரு திரும்பி வந்து ஏப்பம் விட்டாரு பாருங்க, வீடே மணத்துப் போச்சு.

குடும்பஸ்தன் தனியாப் போய்த் திங்கறது குடும்பத்துக்கு ஆகுமுங்களா? ஊர் என்ன பேசும்? அதுக்கப்புறம் மூணு பேருமாப் போறதுன்னு வெச்சுக்கிட்டோம். அவர் மானத்தைக் காப்பாத்த நான் கூடப் போனேன். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பூபதி பாஸ்ட் புட். முன்னால தள்ளுவண்டி, பின்னால தகரக் கொட்டாய், நாலஞ்சு மேசை. பூபதிப் பையன் சட்டியில கரண்டியை டங்கு டங்குன்னு தட்டுனான்னா தெருவுல போறவன் காலு தானா நிக்கும். நல்ல பையன். "வாங்கக்கா, இப்படி உக்காருங்க"ன்னு மேசையைத் தொடைச்சுக் குடுப்பான்.

ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போனோம். ஆனா ஞாயித்துக்கிழமை கூட்டம் அம்மிணி. நின்னுக்கிட்டே திங்கோணும், எங்கூட்டுக்காரருக்கு முட்டி. அதனால புதன்கிழமைக்கு மாத்துனோம். மாத்துனோமா, அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்தா அவரு மூஞ்சியைப் பார்க்க முடியல. சரி, அதுவும் இருக்கட்டும்னு விட்டாச்சு. திங்களும் வியாழனும் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, அதும் சேர்ந்துக்குச்சு. செவ்வாய், வெள்ளி நாங்க கறி தொடறதில்ல, அது எங்க மாமியார் காலத்துப் பழக்கம். அந்த நாள்ல காளான் மட்டும். காலிபிளவர் மட்டும். சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாளு, அன்னைக்கும் காளான்தான். புரட்டாசி மாசம் முழுக்கச் சுத்தம். ஒருநாள் விடாம காளான்.

அதே சட்டிதானேன்னு நீங்க கேப்பீங்க. நான் மட்டும் கேக்காம இருப்பனா? "பூபதி, சட்டியைக் கழுவுனியா?"ன்னு கேப்பேன். ஒரு சொம்பு தண்ணியை ஊத்துவான். புஸ்ஸுன்னு ஆவி எந்திரிக்கும், தீபாராதனை மாதிரி. "கரண்டி வேறயா?"ன்னு கேப்பேன். "வேறதானுங்கக்கா"ன்னு வலது கையில இருந்த கரண்டியை இடது கைக்கு மாத்துவான். அவ்வளவு பக்தியான பையன்.

அமாவாசைக்கு மட்டும் வீட்டுல சமைப்பேன். காக்காய்க்குப் பார்சல் வெக்க முடியாதுங்களே.

மத்தபடி அடுப்பு சும்மாத்தான் இருந்துச்சு. காலையில காபி, அவருக்கு வெந்நீர், பகலுக்கு முந்தின ராத்திரி வாங்குன பார்சல். கேஸ் சிலிண்டர் போடற தம்பி ஒருக்கா, "ஏனுங்கம்மா, ஊர்ல இல்லீங்களா? புக்கிங்கே வர்றதில்ல"ன்னு கேட்டான். "அது பெருமாளுக்கு விட்ட அடுப்பு"ன்னேன். கோயிலுக்கு விட்ட மாட்டை யாராச்சும் ஏர்ல பூட்டுவாங்களா? அது மாதிரி. முப்பது வருசமா அதும் மூஞ்சியைத்தானே பார்த்துட்டு நின்னேன். மாமியார் இருந்தவரைக்கும் மூணு வேளையும் சுடச்சுட. மதியச் சோறு ராத்திரிக்கு ஆகாது அவங்களுக்கு. நான் ஒண்ணும் குறையாச் சொல்லல, சும்மா சொல்றேன்.

இதுக்கு நடுவுல மாப்பிள்ளை பார்க்கறதை விடலீங்க. வேண்டுதலே அதுக்குத்தானே! புரோக்கர் சின்னுச்சாமியண்ணன் வாரத்துக்கொரு ஜாதகம் கொண்டு வருவாரு.

எங்க பக்கம் ஒரு பழக்கம். கல்யாணம் பேசப் போற வீட்டுல காபி குடிக்கலாம், முறுக்குக் கடிக்கலாம். ஆனா இலையில உக்காந்து கை நனைச்சுட்டோம்னா சம்பந்தம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறம் பேச்சு மாறக் கூடாது. அதனால மனசுக்குப் புடிச்சாத்தான் சாப்பிடறது.

அவிநாசிப் பக்கம் ஒரு வீடு. தோட்டம், கெணறு, பையன் மில்லுல சூப்பர்வைசர். அந்தம்மா பெருமையா, "எங்க வீட்டுல வெளிச்சாப்பாடே கெடையாதுங்க, மூணு வேளையும் வீட்டுலதான். மதியச் சோறு ராத்திரிக்குத் தொடமாட்டோம்"ன்னாங்க. இலை போட்டு, தண்ணி தெளிச்சு வெச்சிருந்தாங்க. "வயிறு சரியில்லைங்க, இன்னொரு நாளைக்கு"ன்னு எந்திரிச்சுட்டேன். எம்பொண்ணை அடுப்படியில தள்ளறதுக்கா பெத்தேன்? வர்ற வழியில பூபதி கடையில எறங்குனோம். வயிறு சரியாப் போச்சு.

அடுத்தது திருப்பூர். அங்க நேர்மாறு. மாமியார், மாமனார், பையன் எல்லாருக்கும் போன்லதான் சாப்பாடு. எவனோ ஒருத்தன் பையில கொண்டு வந்து வாசல்ல குடுத்துட்டுப் போறான். அடுப்பு மேல பூத்தொட்டி வெச்சிருக்காங்க அம்மிணி! நான் வெளிய வந்து சொன்னேன், "அடுப்புப் பத்த வெக்காத வீடெல்லாம் ஒரு வீடா? லட்சுமி எப்படித் தங்குவா?"ன்னு. எங்கூட்டுக்காரர் மெதுவா, "ஏம்புள்ள, நம்ம வீட்டுலயும்..."ன்னு இழுத்தாரு. "நம்மளது வேண்டுதலுங்க. அவங்களது சோம்பேறித்தனம்"ன்னேன்.

பொங்கலூர்ல ஒண்ணு வந்துச்சு. அதைத்தான் சொல்லோணும். ஜாதகம் பொருந்துது, செவ்வாய்க்குச் செவ்வாய் சரியாப் போகுது, பையன் கண்ணுக்கு லட்சணம். பொண்ணும் வேண்டாம்னு சொல்லல. அன்னைக்குப் பொழுதோட பூபதி கடையில உக்காந்திருக்கோம். எங்கூட்டுக்காரர் ஒரு கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டே, "அப்ப இது முடிஞ்சுதுன்னா, இனி ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுலயேதான்"ன்னாரு. நான் ஸ்பூனைக் கீழ வெச்சேன். அவரும் அந்தக் காலைத் தட்டுல வெச்சுட்டாரு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பூபதி தட்டறதையே பார்த்துட்டு இருந்தோம்.

மறுநாள் வெளிச்சத்துல யோசிச்சுப் பார்த்தப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, அந்தப் பொங்கலூர் வீட்டுக்குத் தெக்குப் பார்த்த வாசல். தெக்கு எமதிசை, பொண்ணை அனுப்ப முடியுமா? சின்னுச்சாமியண்ணனுக்குக் கோவம் வந்துருச்சு.

"ஏனுங்கம்மா, ஸ்ரீரங்கத்துல பெருமாளே தெக்குப் பார்த்துத்தான் படுத்திருக்காரு."

"அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களே."

துண்டை ஒதறித் தோள்ல போட்டவருதான். அப்புறம் எங்க தெருப் பக்கமே வரல. நல்லது சொன்னாக் கோவிச்சுக்கறாங்க, என்ன பண்றது?

மேகலா இதுக்கெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டா. தங்கமான புள்ள. பஸ் ஸ்டாண்டு பக்கம் கோழித்தீவனக் கம்பெனியில ஆபீஸ் வேலை. அஞ்சரைக்கு விடுவாங்க. கடை ஏழு மணிக்குத்தான் சூடு புடிக்கும், ஆனா ஆறரைக்கே மூலை மேசை போயிரும். மூலை மேசையிலதான் இவரு காலை நீட்டி உக்கார முடியும். அதனால நானே சொன்னேன், "பாப்பா, நீ நேரா கடைக்குப் போய் இடம் புடிச்சு வை. நாங்க வந்தர்றோம்"ன்னு. நானே சொன்னேன். ஒருநாள் முனகுனதில்ல. மழை வந்தாலும் போயிருவா. பார்த்தீங்களா, பெத்தவங்க மேல எவ்வளவு பாசம்னு நான் அக்கம்பக்கத்துல சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவேன்.

ஆனா எங்ககூட உக்காந்து சாப்பிடமாட்டா. "பசிக்கலம்மா"ம்பா. ரெண்டு கரண்டி எடுத்துட்டு நகர்த்தி வெச்சிருவா. இந்தக் காலத்துப் புள்ளைங்க இடுப்பு இளைக்கப் பட்டினி கெடக்குதுங்களே, அதுன்னு நெனச்சேன். அதுக்கேத்த மாதிரி மூஞ்சியில ஒரு தெளிவு வந்துச்சு. முன்னால எப்பப் பார்த்தாலும் நெஞ்செரிச்சல்ன்னு மாத்திரை போட்டுட்டிருப்பா, அதும் நின்னு போச்சு. பெருமாள் கண்ணைத் தொறந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

பூபதியும் அப்பத்தான் மாறுனான். அதுவரைக்கும் அக்கான்னுதான் கூப்பிட்டுட்டிருந்தான். திடீர்னு ஒருநாள், "வாங்கத்தை"ங்கறான். இவருக்கு, "மாமா, ஒரு பீஸ் சேர்த்து வெக்கட்டுங்களா?" நாள்பட்ட வாடிக்கை, மரியாதை கூடியிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சோம். "எந்த ஊருப்பா உங்களுக்கு?"ன்னு இவரு கேட்டாரு. விசாரிச்சா நம்ம சனம்தான், குலக்கூட்டம் மட்டும் வேற. "அட, அப்ப முறைதான்"ன்னு சிரிச்சுக்கிட்டே அந்தச் சேர்த்து வெச்ச பீஸையும் சாப்பிட்டாரு.

இப்பச் சொல்லுங்க, இதுல யாராச்சும் ஏதாச்சும் சந்தேகப்பட முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் ஒரு வளர்பிறை நாள், காலங்காத்தால வாசல்ல மூணு பொம்பளைங்க நிக்கறாங்க. கையில தாம்பாளம், வெத்தலைபாக்கு, பழம், பூ. நடுவுல நிக்கறது பூபதியோட அம்மா, ருக்குமணி. எனக்கு அந்தம்மாவைச் சரியாத் தெரியாது. கடையில பின்னால வெங்காயம் உரிச்சுட்டிருக்கறதைப் பார்த்திருக்கேன்.

உக்காரச் சொன்னேன். சுத்தி வளைக்கல அந்தம்மா. "உங்க பொண்ணை எம்பையனுக்குக் கேட்டு வந்திருக்கேன் அம்மிணி"ன்னாங்க.

எனக்குப் பொசுக்குன்னு கோவம் ஏறிப்போச்சு. "தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பொண்ணு பி.காம் படிச்சது. ரோட்டுல சட்டி வெச்சு, நாலு பேரு திங்கறதைப் பார்த்துப் பொழைக்கற வீட்டுக்கு..."

"நாலு பேருல நீங்களும்தானுங்களே"ன்னு கூட வந்த பொம்பளை ஒருத்தி. ருக்குமணியம்மா அவளைக் கையமர்த்திட்டாங்க.

எனக்கு உடனே புரிஞ்சு போச்சு, பேச்சு எங்க போகப் போகுதுன்னு. கை நனைச்சாச்சே, இத்தனை வருசமா எங்க இடத்துல சாப்பிட்டீங்களேன்னு மடக்கப் பார்க்கறாங்க. நான் முந்திக்கிட்டேன். "இதா பாருங்க, நாங்க உங்க கடையில சாப்பிட்டோம், இல்லைங்கல. ஆனா காசு குடுத்துச் சாப்பிட்டோம். அதுவும் ஸ்பூன்ல. எங்க கை நனையவே இல்ல!"

இவரு பின்னால நின்னு, "ஆமாங்க, ஸ்பூன்தானுங்க"ன்னு சாட்சி சொன்னாரு.

அந்தம்மா சிரிக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்ல. "அது யாவாரம் அம்மிணி. அதை நான் கணக்குல வெக்கல"ன்னாங்க. "எம்பையன் கடைச் சாப்பாடு தொடமாட்டான். கடை தொறக்கறதுக்கு முந்தி நான் தூக்குப்போசியில ரசஞ்சோறும் பொரியலும் கொண்டு போவேன். உங்க பொண்ணு மூலை மேசையில இடம் புடிச்சுட்டு ஒண்டியா உக்காந்திருக்கும். ஒருநாள் மூடியைத் தொறந்தேன், ரச வாசம் மூலை மேசை வரைக்கும் போச்சு. எந்திரிச்சு வந்து, 'எனக்கு ஒரு வாய் தர்றீங்களா'ன்னு கையை நீட்டுச்சு. நீட்டுன கையில உருட்டி வெச்சேன். அன்னைக்கிருந்து ரெண்டு பேருக்குச் சேர்த்துத்தான் அரிசி போடறேன். கடைச் சோறு இல்ல, எங்க வீட்டுச் சோறு. உங்க பொண்ணு கை நனைச்சுருச்சு. இனி நீங்கதான் சொல்லோணும்."

பொண்ணு உள் வாசப்படியில நிக்கறா. அவ மேல பாய்ஞ்சேன். "ஏண்டி, ரசத்தைக் காணாதவளாட்டக் கையை நீட்டுனியா? மானமே போச்சே!"

"ஆமாம்மா"ன்னா. சத்தமே இல்லாம. "காணாமத்தான் இருந்தேன்."

என்ன பேச்சு பாருங்க. அமாவாசைக்கு அமாவாசை வெச்சுட்டுத்தானே இருந்தேன்? நன்றியில்லாத சனம். நான் இன்னும் என்னென்னமோ கேட்டிருப்பேன். எங்கூட்டுக்காரர் இடையில புகுந்து, "கல்யாணத்துக்கப்புறமும் மாப்பிள்ளை கடையை நடத்துவாருங்கதானே?"ன்னாரு. "நடத்துவான்"ன்னாங்க. "அப்பத் தாம்பாளத்தை வாங்கு புள்ள"ன்னுட்டாரு.

ஆவணியில கல்யாணம் முடிஞ்சுது. நல்லாத்தான் முடிஞ்சுது.

ஆனா கேளுங்க. தாலி ஏறிருச்சா, வேண்டுதல் முடிஞ்சு போச்சு. புரட்டாசி கழியட்டும்னு காத்திருந்து, முதல் ஞாயித்துக்கிழமை இவரு நாட்டுக்கோழியை உரிச்சு வாங்கிட்டு வந்து அடுப்படி வாசல்ல நிக்கறாரு, சின்னப் புள்ளையாட்ட. நானும் பத்த வெச்சேன். அடுப்புத் திருகு துருப்புடிச்சுத் திரும்ப மாட்டேங்குது. அம்மிக்குழவி எங்கன்னே தெரியல, தேடி எடுத்து, அரைச்சு, வேர்த்து விறுவிறுத்துக் கொழம்பு வெச்சேன். இவரு சாப்பிட்டுட்டு, கையை நக்கிட்டு, சொல்றாரு: "நல்லாத்தான் இருக்குது. ஆனா மாப்பிள்ளை கைப்பக்குவம் வரல."

சரி, மாப்பிள்ளை கடைக்கே போவோம்னு போனா, அங்க வேற கதை. மாப்பிள்ளை எங்களைக் கொட்டாய்ல உக்கார விடறதில்ல. "அத்தை, மாமா, இந்த எண்ணெயெல்லாம் உங்க வயசுக்கு ஆகாது. வீட்டுக்கு வாங்க, மேகலா சமைச்சிருக்குது"ன்னு கல்யாணத்துக்கப்புறம் கடைக்குப் பின்னால புடிச்ச வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றாரு. சட்டி டங்கு டங்குங்குது, வாசம் ஜன்னல் வழியா வருது, எங்க இலையில ரசமும் பீன்ஸ் பொரியலும். இவரு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே பீன்ஸ் திங்கறாரு, பாவமா இருக்குது.

அந்த ரசம். கொத்தமல்லித் தண்டை நசுக்கிக் கடைசியில போட்டிருந்துச்சு. நான் மட்டும்தான் அப்படிப் போடுவேன், எங்கம்மா வழி. சம்பந்தியம்மாகிட்ட, "நீங்களும் தண்டு போடுவீங்களா?"ன்னேன். "எனக்கென்ன தெரியும்? உங்க பொண்ணு வெச்சது. சின்ன வயசுல எங்கம்மா இப்படித்தான் வெப்பாங்கன்னு சொல்லிச் சொல்லி வெக்குது"ன்னாங்க. பொண்ணு என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னா.

"உப்பு ஒரு கல்லு கம்மி"ன்னேன்.

ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெச்சதை வேஸ்ட் பண்ணக் கூடாதுங்களே.

அதுக்குத்தான் இப்ப காரமடைக்குப் போயிட்டிருக்கேன் அம்மிணி. பொண்ணுக்கு ஒரு குழந்தை பாக்கியம் வேணுமில்லீங்களா? குழந்தை பொறக்கற வரைக்கும் எங்க அடுப்புல கறி ஏறாதுன்னு வேண்டிக்கப் போறேன். இவருகிட்டச் சொன்னேன். சொல்லி முடிக்கல, சட்டையை மாட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டாரு, முட்டி வலியோட. இந்தத் தடவை வார்த்தையை இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடோணும். கறி மட்டும்னு சொல்றதா, இல்ல அடுப்பே பத்த வெக்கறதில்லைன்னு சொல்லிர்றதான்னு யோசனையா இருக்குது. குழந்தை மெதுவா வரட்டும். அவசரம் ஒண்ணுமில்ல. சின்னஞ்சிறுசுக, நாலு வருசம் சந்தோசமா இருக்கட்டும்.

சிங்காநல்லூர் வந்துருச்சு, நீங்க எறங்கோணுமாட்ட இருக்குது. இந்தாங்க, உங்க பையி. சூடு ஆறல, பத்திரமா இருக்குது.

ஏனுங்க அம்மிணி, இது எந்தக் கடையில வாங்குனது? பல்லடத்துலதானா? பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? உக்காந்து சாப்பிட மூலையில மேசை இருக்குதுங்களா?

எனக்கில்லீங்க. சாமி காரியம்.